அகஸ்தஸின் அக்காள் மகள்

எனக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்த தம்பி போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். அந்த நாற்காலியை மூட்டைப்பூச்சிகள் உட்பட ஒப்படைத்தவன் நான் என்பதால் என்மேல் அவருக்குத் தனி மரியாதை. இலாகாவில் இப்போது நாணயங்களைப் படம் பிடிப்பதற்கென்றே ஒரு காமிரா வாங்கியிருக்கிறார்களாம். காசைக் கீழே வைத்து விசையை அமுக்கினால் ராஜாவின் மூக்கு மயிர்கூடத் தெரிகிறதாம். "காமிரா இல்லாத காலத்தில நீங்க எப்படி சார் ரோமாபுரி ராஜாக்களை அடையாளம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"தப்பாகத்தான்," என்றேன்.

அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அடக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. சொன்னது உண்மை. அதை எழுதிக் கொடுத்தால் அவருக்கும் கொஞ்சம் தைரியம் வரும், எனக்கும் பொழுது போகும்.

சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை என் தாய்மாமா கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து அழகாக இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லாதவனுக்கு வெளியே ஏதாவது வேண்டுமே. அந்தக் கையெழுத்தை நம்பித் திருவிதாங்கூர் சர்க்கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் என்னைப் பழம்பொருள் இலாகாவில் நாணய எழுத்தனாகச் சேர்த்துக்கொண்டது. கோட்டாற்றில், வத்தல் மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மூட்டை பிரித்தால் மேலே ஆபீஸ் முழுவதும் தும்மும். இரண்டாயிரம் வருஷத்துப் பொற்காசைத் தராசில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்க்கும் நேரத்தில்தான் அந்தக் கமறல் மேலேறி வரும். முதல் வருஷம் நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை தும்மலை அடக்குவது.

மீதி வித்தையெல்லாம் கோசி சார் சொல்லித் தந்தது. அவர்தான் எங்கள் சூப்பிரண்டு. கோட்டயத்துப் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவர்; அரைத் தமிழும் அரை மலையாளமுமாகப் பேசுவார். ஒரு காசு வந்தால் அவர் முதலில் கேட்பது, "தாணூ, கை கழுகியோ?" என்பதுதான். கழுவித் துடைத்த பிறகு கண்ணை மூடச் சொல்லுவார். "கண்ணு பின்னெ மதி. முதல்ல விரல் பாக்கட்டே." காசின் முகத்தைத் தொடக்கூடாது, விளிம்பைப் பிடித்து, தேய்மானம், நசுக்கல், துளை எல்லாவற்றையும் விரலால் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் வெறும் கண். அதற்கப்புறம்தான் பூதக்கண்ணாடி. கடைசியில் மெல்லிய ஈயத்தாளைக் காசின்மேல் போர்த்தி, பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தட்டுவேன். ராஜாவின் மூக்கு, காது, சுற்றியுள்ள எழுத்து எல்லாம் தாளில் எழும்பி வரும். அதில் சுண்ணாம்புச் சாந்தை ஊற்றினால் பதிப்பு ரெடி. இன்றைக்குக் காமிரா செய்கிற வேலையை அன்றைக்கு அந்தப் பல் பிரஷ் செய்தது.

கோசி சார் யாரையும் திட்டியதில்லை. தப்புச் செய்தவனைத் தம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் எதிரே கைகட்டி நிற்பார். "எனக்கொரு சம்சயம். சார் பறஞ்சு தரணும்," என்று ஆரம்பிப்பார். அந்த நாற்காலியில் உட்காருவதைவிட நாலு அடி வாங்கிக்கொள்ளலாம்.

எங்களுக்கு வந்த ரோமாபுரிக் காசுகளில் முக்கால்வாசி இரண்டே ராஜாக்களுடையவை. அகஸ்தஸ், அவருக்குப் பின் வந்த திபேரியஸ். அகஸ்தஸ் காசின் பின்பக்கத்தில் இரண்டு பையன்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்பார்கள். அவர் வாரிசாகத் தத்தெடுத்த மகள்வயிற்றுப் பேரன்கள். காசு அடித்த சூடு ஆறுமுன்னே என்று சொல்லலாம், இருவரும் செத்துப்போனார்கள். திபேரியஸ் காசில் ஒரு பெண் ஈட்டியும் கிளையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பலவற்றில் ராஜாவின் கன்னத்தில் உளியால் ஒரு வெட்டு இருக்கும். நம் பக்கத்துப் பழைய ஆட்கள் வெட்டியது. இனி இது நாணயமாகப் புழங்க வேண்டாம், பொன்னாக மட்டும் கிடக்கட்டும் என்று வெட்டினார்கள் என்பது கோசி சாரின் கட்சி.

இந்த ராஜாக்களின் உறவுமுறையை நினைவில் வைக்க நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். எங்கள் நாஞ்சில்நாட்டு வேளாளக் குடும்பங்களில் அப்போதுவரை மருமக்கள்வழி. குடும்பத் தலைவரான காரணவர் கண்ணை மூடினால் சொத்து அக்காள் தங்கை பிள்ளைகளுக்கு. பெற்ற பிள்ளைக்கு 'உகந்துடைமை' என்று ஆசைக்கு ஒரு துண்டு. அதை மாற்றி மக்கள்வழியாக்கிச் சட்டம் வந்த புதிது அது. வீட்டுக்கு வீடு பாகவழக்கு. காலையில் பல் துலக்கும்போதே வக்கீல் பெயரைச் சொல்லித் துப்புவார்கள். ஆகவே நான் ரோமாபுரியையும் எங்கள் தெருவாக்கிக்கொண்டேன். அகஸ்தஸ், காரணவர். ஆண் பிள்ளை இல்லை. ஆனால் ஒக்தாவியா என்று ஒரு அக்காள் உண்டு. அந்த அக்காளுக்கு அந்தோனியா என்று ஒரு மகள். அந்த மகளுக்குக் கிளாடியஸ் என்று ஒரு மகன். அக்காள் வழி இவ்வளவு தழைத்திருக்கும்போது கிரீடத்துக்கு என்ன கவலை? ஆனால் அகஸ்தஸ் கட்டிய பெண்டாட்டி, முதல் புருஷனுக்குப் பெற்ற மகனோடு வந்தவள். அந்த மகன்தான் திபேரியஸ். கிரீடம் அவனுக்குப் போயிற்று.

ஒரு நாள் இதை என் அம்மையிடம் சொன்னேன். அம்மை அரிவாள்மணையை மடக்கிவிட்டு, "அப்பம் அக்கா பிள்ளையளுக்கு ஒண்ணும் இல்லியா? கேஸு குடுக்கலியா?" என்று கேட்டாள்.

என் வரலாற்று அறிவும் அவ்வளவுதான் என்பது பிறகு தெரிந்தது.

முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தவக்காலத்தில், தேங்காய்ப்பட்டணத்துக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில் சூசை என்கிற மீன்பிடிக்காரர் வள்ளக் கொட்டகைக்குத் தூண் நாட்டக் குழி எடுத்தார். மண்வெட்டி ஒரு குடத்தில் தட்டிற்று. உள்ளே பொற்காசுகள். மனிதர் குடத்தைத் துணியால் மூடி, தலையில் வைத்து, நேரே பார்வத்தியக்காரரிடம், அதாவது கிராம அதிகாரியிடம், கொண்டுபோய் இறக்கினார். ஊரில் நல்ல பெயர் வாங்க வேண்டிய காரியம். ஆனால் குடம் முக்கால்தான் நிறைந்திருந்தது. "வாய் வரைக்கும் இருந்திருக்கும்," என்று ஒருவன் சொன்னான். "அவனுக்க பெண்டாட்டி கழுத்தில ஒண்ணு கெடக்கே, பாத்தியா?" என்றான் இன்னொருவன். சூசையின் மனைவி திரேசம்மாளின் கழுத்தில் உண்மையாகவே ஒரு பழைய பொற்காசு தொங்கிற்று. தாசில்தார் அதைக் கழற்றி வாங்கி, குடத்தோடு தாலுகா கச்சேரியில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஆள் அனுப்பினார்.

கோசி சார் காய்ச்சலில் படுத்திருந்தார். ஆகவே நிபுணராக நான் போனேன். சரிகை போட்ட அங்கவஸ்திரம் வேறு.

கச்சேரியில் தாசில்தார் மேசைக்கு முன்னால் சூசையும் திரேசம்மாளும் நின்றார்கள். தாசில்தார் நாயர், கண்டிப்பான மனிதர், பேச்சில் சுருக்கம். சூசை மட்டும் பயப்படாமல் பேசினார்.

"எஜமானே, எடுக்கணும்ணு எனக்கு நெனைப்பு உண்டும்ணா ஒண்ணெயா எடுப்பேன்? குடத்தோட வள்ளத்தில ஏத்திக் கொல்லத்துக்கு விட்டிருக்க மாட்டேனா?"

"அதிகம் பேச வேண்டாம்," என்றார் தாசில்தார்.

"அது எனக்க அம்மைக்க காசு," என்றாள் திரேசம்மாள். "அவளுக்கு அவளுக்க அம்மை போட்டது. கல்யாணத்துக்கு அண்ணு அம்மைக்க கழுத்தில இருந்து மவளுக்க கழுத்துக்கு மாறும். ஈஸ்டர் கழிஞ்சா எனக்க மவளுக்குக் கல்யாணம். அப்பன் ஜெயில்லயும் காசு கச்சேரியிலயும் இருந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரன் வருவானா?"

"பத்திரம் உண்டா?"

"கழுத்தில கெடக்குததுக்குப் பத்திரமா?"

தாசில்தார் என்னைப் பார்த்தார். நான் கை கழுவினேன். கண்ணை மூடினேன். சபை முழுவதும் பார்க்கிறதே என்று தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் மூடியிருந்தேன். குடத்துக் காசுகள் எல்லாம் அகஸ்தஸும் திபேரியஸும். ஒன்று விடாமல் எல்லா முகத்திலும் உளிவெட்டு. சிலவற்றில் மாலை கோத்த துளை. திரேசம்மாளின் காசிலும் துளை இருந்தது. ஆகவே துளை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. ஆனால் அதில் முகம் ஒரு பெண்ணுடையது. கன்னம் தேய்ந்து மழமழவென்று இருந்தது. வெட்டு இல்லை. பின்பக்கம் இரண்டு நீண்ட தீவட்டிகள், நாடாவால் கட்டியவை. எழுத்தைக் கூட்டினேன். 'அந்தோனியா'. பின்பக்கம் 'தெய்விக அகஸ்தஸின் பூசாரிணி'.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தெருக்காரி அல்லவா!

"அகஸ்தஸின் அக்காள் மகள்," என்று அறிவித்தேன். "மாமன் காலத்துக் காசு. திபேரியஸுக்கு முந்தினது."

"அப்போள் குடத்தில் உள்ளவற்றின் காலம்தான்?"

"அதே காலம்."

"வெட்டு இல்லையே?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "குடும்பத்துப் பெண்ணின் முகத்தில் உளி வைக்க எவனுக்குக் கை வரும்?" தாசில்தார் தலையை ஆட்டினார். அவர் வீட்டிலும் மருமக்கள்வழிதான். அவருக்கு அது சட்டப் புத்தகத்தைவிடத் தெளிவாக விளங்கிற்று. சூசையைக் காவலில் வைக்கச் சொல்லிவிட்டார்.

வாசலில் திரேசம்மாள் என்னை மறித்தாள். "சாரே, நீரு நல்ல படிச்சவரு. ஆனா எனக்க கழுத்தில எம்பிடு காலம் கெடந்துதுண்ணு எனக்க கழுத்துக்கல்லாவே தெரியும்?"

நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு பஸ் ஏறினேன்.

கோசி சார் காய்ச்சல் விட்டு ஆபீசுக்கு வந்ததும் கச்சேரியிலேயே எடுத்துவந்த அந்தோனியாவின் சுண்ணாம்புப் பதிப்பை அவர்முன் வைத்து, நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் எழுந்தார். தம் நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். கீழே மிளகாய் மூட்டை பிரிக்கிற சத்தம் கேட்டது. தும்மல் வந்தாலாவது தேவலை என்றிருந்தது. வரவில்லை.

"எனக்கொரு சம்சயம்," என்றார் கைகட்டிக்கொண்டு. "இதில் 'தெய்விக அகஸ்தஸ்' என்னு உண்டல்லோ. ரோமாக்காரன் ராஜாவை எப்போ தெய்வமாக்கும்?"

"செத்த பிறகு சார்."

"அப்போ அகஸ்தஸ் உயிரோட இருக்கும்போ தன்னெத்தானே தெய்வம் என்னு காசில் எழுதியோ?"

நாற்காலியில் முள் முளைத்தது.

"இல்ல சார்."

"செத்தபின் கிரீடம் ஆருக்கு?"

"திபேரியஸுக்கு."

"திபேரியஸுக்கு இந்த அம்மை ஆரு?"

"தம்பி பெண்டாட்டி."

"தம்பி பெண்டாட்டிக்கு அவன் பொன்காசு அடிக்குமோ?"

"எங்க ஊர்லயும் அடிக்க மாட்டான் சார்."

"பின்னெ?"

"திபேரியஸுக்கு அடுத்து கலிகுலா. அவனைக் காவல்காரங்களே குத்திட்டாங்க. அப்புறம் பட்டாளத்துக்காரங்க அரண்மனையில தேடினப்போ, திரைச்சீலைக்குப் பின்னால பயந்து நின்ன கிளாடியஸை இழுத்துட்டு வந்து..." நான் நிறுத்தினேன்.

"கிளாடியஸுக்கு இந்த அம்மை ஆரு?"

"அம்மை," என்றேன்.

கோசி சார் கைகளை அவிழ்த்தார். "எடோ தாணூ, காசு அடிச்சது மாமன் அல்ல. மகன். அம்மை மரிச்ச பின்னெ, மகன் ராஜாவாயப்போ அடிச்சது. ரோமாபுரி நாஞ்சில்நாட்டில் அல்ல." பிறகு மெதுவாக, "அந்தச் சூசை இப்போ எவிடெ?" என்றார்.



மறுநாளே இரண்டு பேரும் தாசில்தார் முன்னால் நின்றோம். பேச வேண்டியது நான்தான் என்று கோசி சார் வழியிலேயே சொல்லிவிட்டார். "தெற்றிச்சது நீ. திருத்துறதும் நீ." நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என் அபிப்பிராயம் பிசகு என்றேன்.

தாசில்தாருக்குப் பிடிக்கவில்லை. "என்ன பிசகு? அக்கா மகளுக்கு மாமன் காசு அடிச்சான். அதுதானே முறை?"

"முறைதான் எஜமானே. ஆனா அங்க முறை நடக்கல்லை."

"நடக்கல்லையா?"

"காரணவர் செத்ததும் சொத்து அக்கா பிள்ளைகளுக்கு வரல்லை. பெண்டாட்டி முதல் புருஷனுக்குப் பெத்துக் கூட்டிட்டு வந்த மகனுக்குப் போச்சு."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "அதெப்படி?"

"தத்து."

"சகோதரி சந்ததி இருக்கும்போது தத்தா! செல்லாது!"

கோசி சார் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கிற்று. நான் திபேரியஸின் நீண்ட ஆட்சியைச் சொன்னேன். கலிகுலாவின் அட்டகாசத்தைச் சொன்னேன். நியாயமான அனந்தரவன், அதாவது அக்காள் வழி வாரிசு, கிளாடியஸ் திக்குவாயும் நொண்டிக் காலுமாக, யாரும் மதிக்காமல் ஒரு மூலையில் கிடந்ததைச் சொன்னேன். தாசில்தாரின் முகம் சிவந்துகொண்டே போயிற்று. அவர் குடும்பத்திலும் ஏதோ ஒரு கிளாடியஸ் இருந்திருக்க வேண்டும். கடைசியில் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவரை இழுத்துவந்து கிரீடம் வைத்தேன்.

"வந்துவிட்டானே!" என்று தாசில்தார் மேசையைத் தட்டினார்.

"வந்ததும் அம்மை பேரில் காசு அடிச்சான். இதாக்கும் அது. குடத்தில் இருக்கிற கடைசிக் காசு திபேரியஸோடது. நேத்து அடிச்சது மாதிரிப் புதுக்கருக்கு மாறாமல் இருக்கு. ஆகவே அவன் காலத்திலேயே குடம் மண்ணுக்குள்ள போயாச்சு. இந்தக் காசு அப்போ பிறக்கவே இல்லை."

தாசில்தார் இலேசுப்பட்டவர் இல்லை. "பின்னால் ஒருவன் தோண்டி இதையும் போட்டிருக்கலாமே?"

இப்போது கோசி சார் திரும்பினார். "போடலாம். இல்லை என்னு சத்தியம் செய்ய என்னால் பற்றாது. ஆனா குடத்தில் ஒவ்வொரு முகத்தையும் வெட்டினவன், ரெண்டு ராஜா கழிஞ்சு வந்து, மண்ணைத் தோண்டி, இந்த ஒண்ணை மட்டும் வெட்டாதெ போட்டு மூடியோ? முகம் பாருங்க. மண்ணில் கிடந்த காசு இப்படித் தேயாது. நெஞ்சில் கிடந்தது தேயும்."

தாசில்தார் காசை விளிம்பில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சேவகனைக் கூப்பிட்டு, சூசையை விடச் சொன்னார். சூசை வெளியே வந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கும்பிட்டார். என்னைக் கும்பிட்டது பழக்கத்தால்.

காசைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையையும் கோசி சார் எனக்கே வைத்தார். கச்சேரிச் சம்பிரதாயங்கள் முடிந்து நான் கடற்கரைக்குப் போனபோது சூசை வலை உலர்த்திக்கொண்டிருந்தார். "வாரும் சாரே. எனக்க வள்ளத்துக்கும் காலம் கணிக்க வந்தீரா? அது கலிகுலா காலத்து வள்ளமாக்கும்," என்றார். கச்சேரிக் காவல் அறையில் இருந்தபடியே முழுக் கதையையும் கேட்டிருக்கிறார்.

திரேசம்மாள் காசைக் கையில் வாங்கி முந்தானையால் துடைத்தாள். "இந்த அம்மை ஆராக்கும்ணு கண்டுபிடிச்சீரா?"

"அந்தோனியா."

"அந்தோணியம்மை எங்க தெருவிலயே நாலு பேரு உண்டு. ராஜாத்தியா?"

"ராஜாத்தி இல்ல. பாவப்பட்ட அம்மை. சாகும்வரை ஒண்ணும் அனுபவிக்கல்லை. மகனை எல்லாரும் கேலி பண்ணினாங்க. அவன் பெறவு ராஜாவானான். ஆனதும் அம்மை முகத்தைப் பொன்னில் அடிச்சான்."

அவள் காசைத் திருப்பிப் பின்பக்கத்துத் தீவட்டிகளைப் பார்த்தாள். "இது மெழுகுதிரி. நாங்க மாதாண்ணுதான் கும்பிடுகோம். நீரு இப்பம் சொன்னதும் அதுதானே? மவன எல்லாரும் கேலி பண்ணினானுவ. பெறவு ராஜாவானான். அம்மைக்கும் மரியாதை வந்து. வேற ஆளு இல்ல சாரே, மாதாதான்."

 திரும்பிப் போய்க் கோசி சாரிடம் சொன்னேன். வெகுநேரம் சிரித்துவிட்டு, "நம்முடெ ரிப்போர்ட்டில் அது சேர்க்கண்டா. ஆனா தெற்று என்னும் எழுதண்டா," என்றார்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. மாதா கோயில் வாசலில் திரேசம்மாள் தன் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி மகளின் கழுத்தில் போட்டாள். பொன் மணவாட்டியின் பட்டில் விழுந்து அடங்கிற்று. ரோமாபுரியில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கத்தியும் விஷமும் தேவைப்பட்டன. இங்கே ஒரு தும்மல்கூட இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், கடற்காற்றில் மணல் விழுந்ததால்.

பந்தியில் மாப்பிள்ளை என் அருகே குனிந்தார். நல்ல பையன், கேள்வி கேட்கிற பழக்கம் உண்டு போலிருக்கிறது. "சாரே, நீரு படிச்ச ஆளு. எங்களுக்கு எல்லாம் ஆம்பிளப் பிள்ளையளா பொறந்துதுண்ணு வையும். அப்பம் இந்தக் காசு ஆருக்கு?"

எனக்குள்ளே மருமக்கள்வழி, மக்கள்வழி, தத்து, உகந்துடைமை எல்லாம் ஒன்றாக எழுந்தன. இலையிலிருந்து கையை எடுத்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

மீன்கறிச் சட்டியோடு வந்த திரேசம்மாள் அங்கேயே நின்றுவிட்டாள். "சாரே, வாயத் தொறக்காதேயும். நீரு ஒண்ணு சொல்லுவீரு, மறுபடியும் ஒருத்தன் உள்ள போவான்."

அன்று நான் வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.